பி.ஓ.டி பிளாங்க்லயே ஆக்சிஜன் இறங்குது, யாராச்சும் வழி சொல்லுங்க
காரைக்குடில ஒரு ஆராய்ச்சி லேப்ல ப்ராஜெக்ட் அசோசியேட்டா சேர்ந்து நாலு மாசம் ஆகுது, படிச்சது என்விரான்மெண்டல் இன்ஜினியரிங். சுத்துவட்டார ஊருணித் தண்ணிக்கு பி.ஓ.டி (தண்ணில இருக்குற அழுக்க நுண்ணுயிர் தின்னும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகுதுங்கிற அளவு) பாக்குறதுதான் வேலை, 27 டிகிரி 3 நாள் முறை, ஆக்சிஜன அளக்குறது விங்க்ளர் டைட்ரேஷன்ல. மூணு வாரமா, சாம்பிளே சேர்க்காம வெறும் டைல்யூஷன் வாட்டர் (டிஸ்டில்ட் வாட்டர்ல காத்து ஊதி, பஃபர் சேர்த்து, சாம்பிளோட கலக்கத் தயாரிக்கிற தண்ணி) ஊத்தின பிளாங்க்லயே லிட்டருக்கு 0.8, 0.9 மி.கி. ஆக்சிஜன் இறங்குது. 0.2-க்கு மேல போகக்கூடாது, அதனால ஊருணி ரீடிங் எதையும் நம்பி எழுத முடியல.

பாஸ்பேட் பஃபர் புதுசா போட்டேன் (பழசுல பஞ்சு மாதிரி என்னமோ வளர்ந்திருந்துச்சு, ஆஹா மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன், அதுவும் இல்ல). பாட்டில் எல்லாம் ஆசிட்ல கழுவியாச்சு, டைட்ரேஷனுக்கு ஊத்துற தயோசல்பேட்டையும் திரும்ப ஸ்டாண்டர்டைஸ் பண்ணியாச்சு, வாட்டர் சீல் (காத்து உள்ள போகாம பாட்டில் வாயில நிக்கிற தண்ணி) காயாம தெனமும் பாக்குறேன், ஸீட் (வெளியில இருந்து சேர்க்குற நுண்ணுயிர்) எதுவும் சேர்க்கல. மாத்தாதது ரெண்டுதான், டிஸ்டில்ட் வாட்டர் பிடிச்சு வைக்கிற பழைய 20 லிட்டர் கேனும் ஏரேட்டர் ட்யூபும். ட்யூபுக்குள்ள விரல விட்டா வழவழன்னு இருக்கு, சீனியர் அண்ணன் என்னடான்னா "அது எப்பவுமே அப்படித்தான் தம்பி"ங்கிறாரு. புதுசு கேட்டா பர்ச்சேஸ்ல காரணம் எழுதித் தரச் சொல்றாங்க.

தப்பு கேன்லயா, ட்யூப்லயா, டிஸ்டில்ட் வாட்டர்லயேவான்னு தனித்தனியா பிரிச்சுக் காட்ட பிளாங்க் எப்படி எப்படி வைக்கணும்?