வைமார் அரசியலமைப்பின் 48ஆவது பிரிவு: கடிவாளம் ஏன் பயன்படவில்லை?

செபராங் பிறை வாசகி:
வணக்கம். பினாங்கில் எங்கள் வாசகர் வட்டத்தில் வைமார் குடியரசைப் (1919 முதல் 1933 வரை இருந்த ஜெர்மன் குடியரசு) பற்றிப் பேசியபோது, 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 48ஆவது பிரிவு அதிபருக்கு அவசரகால அதிகாரம் தந்ததே அதன் வீழ்ச்சிக்குக் காரணம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். ஆனால் நாடாளுமன்றம் கோரினால் அவசர ஆணைகளை நீக்கியாக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறதே! பிறகு எப்படி நிலை கைமீறியது? ஜெர்மன் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட்டின் சிந்தனைக்கு இதில் பங்கு உண்டா?

பிரிக்பீல்ட்ஸ் வழக்கறிஞர்:
48ஐ மட்டும் படித்தால் விடை கிடைக்காது, அம்மா. நாடாளுமன்றத்தைக் கலைக்கும் உரிமையை அதிபருக்குத் தந்த 25ஆவது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1930 ஜூலையில் பிரதமர் புரூனிங்கின் நிதித் திட்டத்தை நாடாளுமன்றம் ஏற்க மறுத்ததும், அது அவசர ஆணையாக வந்தது; அந்த ஆணையை நீக்கக் கோரி உறுப்பினர்கள் வாக்களித்த அன்றே அதிபர் ஹிண்டன்பர்க் அவையைக் கலைத்தார். ஆணை சில நாள்களில் திருத்தத்துடன் திரும்பவும் பிறப்பிக்கப்பட்டது. செப்டம்பர் தேர்தலில் நாஜிக் கட்சியின் இடங்கள் 12இலிருந்து 107ஆக உயர்ந்தன. கடிவாளத்தைப் பிடிக்க வேண்டிய அவையையே கலைத்துவிட முடிந்ததுதான் கோளாறு.

நம் மலேசியாவிலும் அரசியலமைப்பின் 150ஆவது பிரிவின்படி இரு அவைகளும் அவசரகாலப் பிரகடனத்தை ரத்து செய்யலாம். இருந்தும் 1969ஆம் ஆண்டுப் பிரகடனம் 2011ஆம் ஆண்டின் இறுதியில்தான் ரத்து செய்யப்பட்டது. இங்குள்ள சூழல் முற்றிலும் வேறு என்பதால் ஒப்பீட்டை இதற்கு மேல் நீட்ட மாட்டேன்.

ஜார்ஜ்டவுன் ஆசிரியர்:
ஷ்மிட்டைப் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. விதிவிலக்கான நிலையை, அதாவது வழக்கமான சட்டம் நிறுத்தப்படும் அவசர நிலையைத் தீர்மானிப்பவனே இறையாண்மை உடையவன் என்று அவர் 1922இல் எழுதினார். அரசியலமைப்பின் காவலர் அதிபரே என்று பின்னர் வாதிட்டார். அதிபரே பூசலில் ஒரு தரப்பாக இருக்கக்கூடும் என்பதால் தன் வழக்கில் தானே நடுவராக அமர முடியாது என்று 1931இல் சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சன் மறுத்தார். எனக்குக் கெல்சனின் வாதமே வலுவாகத் தெரிகிறது, ஏனெனில் மறு ஆண்டே அது சோதனைக்கு வந்தது. 1932 ஜூலை 20 அன்று பிரதமர் பாப்பன், 48ஆவது பிரிவின் துணையோடு ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் அரசைப் பதவி நீக்கினார். லைப்சிக் நீதிமன்றத்தில் ஷ்மிட் மத்திய அரசின் பக்கமும், சட்ட அறிஞர் ஹெர்மன் ஹெல்லர் பிரஷ்யச் சமூக ஜனநாயகர்களின் பக்கமும் வாதாடினர். அக்டோபரில் வந்த தீர்ப்பு பிரஷ்ய அரசுக்குச் சில உரிமைகளை மீட்டுத் தந்தாலும், ஆட்சியதிகாரத்தைப் பாப்பனிடமே விட்டுவைத்தது. (ஷ்மிட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ஹெல்லரைத் தொடுவதே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.) 1933இல் ஷ்மிட் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், கெல்சன் கொலோன் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். ஆகவே ஷ்மிட்டின் எழுத்து வீழ்ச்சியைத் தொடங்கிவைக்கவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததற்குச் சட்ட நியாயம் தேடித் தந்தது.

செபராங் பிறை வாசகி:
இருவருக்கும் நன்றி. மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பாக வந்த 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் இதை எப்படிச் சரிசெய்தது?

பிரிக்பீல்ட்ஸ் வழக்கறிஞர்:
அதிபரிடமிருந்து அவசர ஆணை அதிகாரத்தையே எடுத்துவிட்டது. அவையைக் கலைக்கும் உரிமையையும் மிகவும் சுருக்கியது. 1968இல் கடும் எதிர்ப்புக்கிடையே அவசரகாலச் சட்டங்கள் சேர்க்கப்பட்டபோதும், நாடு தாக்கப்பட்ட நிலையை அறிவிக்க நாடாளுமன்றத்தில் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும் என்றும், அக்காலத்திலும் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் பணிக்குக் குந்தகம் கூடாது என்றும் விதித்தார்கள்.