சூரியனுக்கும் இரவுக்கும் ஒரே சிறிய தொலைகாட்டி: எதை வாங்கலாம்?

வணக்கம். இடம் திருகோணமலை, உப்புவெளி. பகலில் சூரியக் கரும்புள்ளி, இரவில் சந்திரன், சனி, ஒமேகா சென்டோரி என்ற நட்சத்திரக் கொத்து. இவற்றுக்கு ஒரு சிறிய முறிவுத் தொலைகாட்டி (முன்னால் வில்லை வைத்தது) வேண்டும். மூன்று மாதமாக முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

கையில் இருப்பது 70 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத் தூரம். படம் நல்ல கூர்மை, ஆனால் குழாய் நீளம், முக்காலி மெலிது. கடற்காற்று கொஞ்சம் அடித்தாலே சனியின் வளையம் துள்ளுகிறது. ஃபோகஸ் திருகியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தால் ஆட்டம் அடங்க நாலைந்து விநாடி. மணல் பை தொங்கவிட்டேன், கால்களைக் குட்டையாக்கிக் கதிரையில் இருந்து பார்த்தேன். பெரிதாக மாறவில்லை.

சூரியனுக்கு, குழாயின் முன்வாயை முழுதாக மூடும்படி, சூரியனைப் பார்ப்பதற்கென்றே உள்ள வடிகட்டித் தாளில் மூடி செய்திருக்கிறேன். கண்வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடியை எறிந்துவிட்டேன். சூட்டில் அது வெடித்தால் கண் போய்விடும். காலை 7.30க்குக் கரும்புள்ளியைச் சுற்றியுள்ள சாம்பல் விளிம்புகூடத் தெரிகிறது, அவ்வளவு அழகு! 10 மணிக்குப் பிறகு எல்லாம் நெளிகிறது.

இப்போது இரண்டு தெரிவு. ஒன்று 80 மி.மீ. விட்டம், 400 மி.மீ. குவியத் தூரம், சாதாரண இரட்டை வில்லை. நண்பரிடம் இதே அளவில் பார்த்தேன், சந்திரனின் ஓரத்தில் ஊதாக் கோடு ஓடுகிறது. மற்றது 72 மி.மீ. ஈடி (ED) வில்லை, அதாவது இந்த ஊதாக் கோட்டைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி, குவியத் தூரம் 430 அளவில், விலை இரண்டு மடங்குக்கு மேல். உறுதியான தாங்கிக்குத் தனியாகப் பணம் வைத்திருக்கிறேன்.

பகலும் இரவும் பார்ப்பவர்களே, அந்த 8 மி.மீ. விட்டத்தை விட்டுக்கொடுத்து ஈடி வில்லையை எடுப்பது சரியா?