பனிச்சறுக்கு வண்டியோட்டியின் மேலங்கி: மயிர் உள்ளேயா, வெளியேயா?

கேள்வி:
19ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டிகளை ஓட்டிய யாம்ஷிக்குகள் அணிந்த துலூப் என்னும் செம்மறியாட்டுத் தோல் மேலங்கியில் மயிர் உட்புறமாக இருக்கிறது. கனடாவின் பழைய படங்களிலோ வண்டியோட்டிகளின் கோட்டில் மயிர் வெளியே அடர்ந்து தெரிகிறது. இரு நாடுகளிலும் குளிர் கடுமையானதுதான். அப்படியிருக்க, இந்த வேறுபாடு ஏன் வந்தது?

மறுமொழி 1:
நடந்து செல்பவருக்கு உடலுழைப்பே சூடு தரும். வண்டியோட்டியோ கடிவாள வாரைப் பிடித்தபடி மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்க, குதிரைகள் ஓட ஓட எதிர்க்காற்று அவர்மேல் வந்து மோதுகிறது. துலூப்பின் தோல் அந்தக் காற்றைத் தடுக்கிறது. உள்ளிருக்கும் கம்பளி மயிர், தன்னிடையே தங்கும் காற்றைச் சூடாக வைத்துக்கொள்கிறது. இடுப்பில் வெட்டுத் தையல் இல்லாத இந்த நீண்ட அங்கியை மற்றொரு கோட்டின் மேலேயே அணிந்தார்கள்; அகன்ற கழுத்துப்பட்டியை நிமிர்த்தினால் காதும் பிடரியும் மறைந்துவிடும். வண்டியோட்டிக்கு இதைவிடப் பொருத்தமான உடை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2:
நண்பர் பனிப்பொழிவைக் கணக்கில் கொள்ளவில்லை. தோல் வெளியே இருந்தால் அது நனைந்து விறைத்துப்போகும். அமெரிக்கக் காட்டெருமை, ரக்கூன் என்னும் சிறு வட அமெரிக்க விலங்கு ஆகியவற்றின் நீண்ட வெளிமயிரில் விழும் பனியை உதறிவிடலாம். மயிருக்குப் பின்னுள்ள தோல் காற்றைத் தடுக்க, கனத்த உள்துணி வெப்பத்தைக் காக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ரக்கூனைக் காட்டுப் பூனை என்றே அழைத்ததால், அதன் தோலால் செய்த கோட்டுக்குப் பூனைக் கோட்டு என்னும் பொருள்படும் பெயரே நிலைத்தது. காட்டெருமைகளோ வேட்டையில் ஏறக்குறைய அழிந்தே போயின. 1889இல் அமெரிக்க விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே கணக்கிட்டபோது, வளர்ப்பில் இருந்தவற்றையும் சேர்த்து 1,091 மட்டுமே எஞ்சியிருந்தன. அதன்பின் மாட்டுத்தோலும் குதிரைத்தோலும் அந்த இடத்தை நிரப்பின.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பழைய கோட்டு ஒன்று காட்டெருமைத் தோலா, குதிரைத் தோலா என்று எப்படி அறிவது?

மறுமொழி 2:
மயிரை விரலால் விலக்கிப் பாருங்கள். காட்டெருமையாக இருந்தால் முரட்டு மயிருக்கு அடியில் சுருண்ட, அடர்ந்த கம்பளி தென்படும். குதிரை மயிர் குட்டையாக, நேராகப் படிந்திருக்கும், அடியில் அந்தக் கம்பளி இராது. ஆனால், கோட்டைக் கழுத்துப்பட்டியைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள். உலர்ந்த பழந்தோல் தன் எடையாலேயே தோள் தையலில் கிழியும். அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தாங்கி எடுங்கள்.