காரே-காரே: உப்பைத் தனியே பரிமாறும் குழம்பு

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் பணிபுரிந்த காலத்தில், பம்பாங்கா மாகாணத்தைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவரின் இல்லத்தில், ஞாயிறு மதிய உணவுக்குக் காரே-காரே சமைக்கப்படுவதை அருகிலிருந்து காணும் வாய்ப்புக் கிடைத்தது. சமைத்தவர் அவருடைய தாயார். மாட்டுவாலையும் குடலையும் முந்தைய நாளே சிறுதீயில் மணிக்கணக்காக வேகவைத்து, இறைச்சி எலும்பை விட்டுக் கழலும் பதத்தில் இறக்கி வைத்திருந்தார். வாலின் பசை முழுவதும் நீரில் இறங்கினால்தான் சாறு உதட்டில் ஒட்டும் என்பதால், இதில் அவசரத்துக்கு இடமே இல்லை.

வறுத்த நிலக்கடலையை அரைத்த விழுதையும், பொன்னிறமாக வறுத்துப் பொடித்த அரிசியையும் அந்தச் சாற்றில் கரைத்துக் கெட்டியாக்கினார். அட்சுவெட்டே என்னும் சிவப்பு விதைகளை ஊறவைத்துப் பிழிந்த நீர் அதற்குச் செம்மஞ்சள் நிறத்தைத் தந்தது. கடையில் விற்கும் கடலை வெண்ணெயை இன்று பலர் சேர்க்கிறார்கள். குழம்பு இனித்துவிடும் என்று இவர் அதைத் தொடுவதில்லை. வாழைப்பூ, கத்திரிக்காய், காராமணிக்காய், பெச்சாய்க் கீரை ஆகியவற்றைத் தனித்தனியே வேகவைத்துக் கடைசியில் சேர்த்ததால் எதுவும் குழையவில்லை.

குழம்பில் உப்பு ஏறக்குறைய இல்லை. கூனி இறாலை உப்பிட்டு நொதிக்கவைத்து, பூண்டுடன் வதக்கிய பகூங் தனிக் கிண்ணத்தில் வந்தது. சோற்றில் குழம்பை ஊற்றி, கவளத்துக்குக் கவளம் அதைச் சிறிது சேர்த்துக்கொள்ள வேண்டும். பகூங் இல்லாவிட்டால் அது காரே-காரேயே அல்ல என்பது அவ்வீட்டாரின் உறுதியான கருத்து. உண்டு பார்த்தபின் எனக்கும் அதில் மறுப்பில்லை. கருவாட்டு வாசத்துக்குப் பழகியவர்களுக்கு அதன் நெடி தடையாக இராது. கடலையின் திகட்டலை அது நன்றாகவே அடக்குகிறது.

சாப்பாட்டின்போது சிப்பாய்க் கதையும் வந்தது. 1762இல் சென்னையிலிருந்து சென்ற ஆங்கிலேயப் படை மணிலாவைக் கைப்பற்றி 1764 வரை வைத்திருந்தது. அப்படையின் சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பாமல் அருகிலுள்ள கைந்தாவில் தங்கிவிட்டனர். அவர்கள் சமைத்த குழம்பே காரே-காரே ஆனது என்பர் சிலர். பம்பாங்காவினரோ அது தங்கள் மண்ணின் உணவு என்பர். கொத்தமல்லியோ சீரகமோ மிளகாயோ அந்தப் பானையில் விழவில்லை. கடலையும் சிவப்பு விதையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். சிப்பாய்கள் அங்கே குடியேறியதை நம்புகிறேன். இந்தக் குழம்பை அவர்கள் கணக்கில் எழுதத்தான் மனம் வரவில்லை.