ஏரியா குரூப்பில் செயின் பறிப்பு பற்றிப் பேசக் கூடாதாம், இது சரியா?

மூணாவது குறுக்குத்தெரு:
சென்னைப் புறநகரில் எங்கள் நகருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. போன வாரம் விடியற்காலையில் பால் வாங்கப் போன ஒரு அம்மாவின் செயினை, பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்தத் தெரு, எத்தனை மணி, எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று அவர் மகனே குரூப்பில் போட்டார். அட்மின் உடனே அழித்துவிட்டு, "பீதி கிளப்ப வேண்டாம், போலீஸ் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி, இனி அட்மின் மட்டுமே பதிவிட முடியும் என்று மாற்றிவிட்டார். இப்போது வருவதெல்லாம் தண்ணீர் லாரி நேரமும் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கமும்தான். (அவர் இரண்டு மனை விற்கக் காத்திருக்கிறார், அது வேறு கதை.) அடுத்த தெருவில் இருக்கும் எங்களுக்கு இது தெரிய வேண்டாமா?

போளூரான்:
அட்மினைத் திட்டும் முன் 2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அத்திமூரில், கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார், அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று அடித்தே கொன்றார்கள். அதற்கு முன் பல நாளாக எல்லார் போனிலும் அந்த வதந்திதான். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து சாட்டுக்கு (ஆளோ குரூப்போ) மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

மூணாவது குறுக்குத்தெரு:
அது வதந்தி அண்ணா. இது பறிகொடுத்தவர் வீட்டிலிருந்தே வந்த தகவல். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் எப்படி?

கருப்புக்கோட்டு:
உங்கள் அட்மின் கேஸுக்குப் பயந்து அழித்திருந்தால் ஒன்று சொல்லுங்கள். உறுப்பினர் போடும் பதிவுக்கு, வெறும் அட்மினாக இருப்பதாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-ல் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் மதுரைக் கிளையும், கரூர் வழக்கறிஞர்கள் குரூப் சம்பந்தப்பட்ட வழக்கில், அதையே பின்பற்றியது. ஆனால் பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயர், வீடு, போட்டோ எதுவும் வெளியே வரக் கூடாது, போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்கு என்றால் பள்ளிக்கூடத்தின் பெயர்கூட. அதை மட்டும் அட்மின் யோசிக்காமல் அழிக்கலாம்.

ஆவடி அக்கா:
எங்கள் குரூப்பில் நடந்ததை அப்படியே போடலாம், ஆனால் நேரில் பார்த்தவரோ பறிகொடுத்தவரோதான் போட வேண்டும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு போலீஸில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது இருந்தால் இன்னும் நல்லது. ஆள் போட்டோவுக்கு அனுமதி இல்லை. ஒருமுறை கேட்டைத் தள்ளிப் பார்த்த பையனின் சிசிடிவி படத்தை "இவன்தான் நோட்டம் விடுகிறான்" என்று யாரோ போட, உடனே இந்திக்காரன், வடக்கத்தியான் என்று ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் அவன் கதவு எண் தெரியாமல் சுற்றிய பார்சல் பையன், நம்ம ஊர்க்காரன். அட்மினை நான் குறை சொல்ல மாட்டேன் தம்பி, சம்பளம் இல்லாத வேலை, இருபக்கமும் அடி. அதற்காக மொத்தமாகப் பூட்டினால், பேச்சு வேறு குரூப்புக்குப் போகும், அங்கே கேட்க ஆளே இருக்காது.

மூணாவது குறுக்குத்தெரு:
சரி அக்கா. பக்கத்து வீட்டு கேமராவில் அந்த பைக் விழுந்திருக்கிறதாம். அதைப் போடலாமா?

ஆவடி அக்கா:
குரூப்பில் வேண்டாம், ஸ்டேஷனில் கொடுங்கள். இன்றைக்கே பென் டிரைவில் எடுத்துவிடச் சொல்லுங்கள், டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.