பைசைட்6 ஜன்னலுக்குள் மேட்பிளாட்லிப் வரைபடம்: சில நிமிடத்தில் உறைகிறது

வெள்ளவத்தை_பைத்தன்:
புறக்கோட்டையில் உள்ள ஒரு குளிர்களஞ்சியத்துக்கு வெப்பநிலை காட்டும் மென்பொருள் பைத்தனில் எழுதுகிறேன்; ஜன்னலுக்குப் பைசைட்6, வரைபடத்துக்கு மேட்பிளாட்லிப் நூலகம். 8 சென்சர், ஒவ்வொன்றும் 200 மில்லிசெக்கனுக்கு ஒரு வாசிப்பு. சீரியல் போர்ட்டை ஒரு க்யூதிரெட் (பின்னணியில் தனியாக ஓடும் திரெட்) வாசித்து, வாசிப்புக்கு ஒரு சிக்னல் அனுப்புகிறது. சிக்னல் வந்ததும் ஆக்ஸ்.கிளியர்(), 8 தரம் ஆக்ஸ்.பிளாட்(), கடைசியில் கேன்வாஸ்.டிரா(). தொடக்கத்தில் சரியாக ஓடுகிறது. பிறகு பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை, மெமரியும் ஏறிக்கொண்டே போகிறது. இன்னொன்று: அச்சில் ‘வெப்பநிலை’ என்று எழுதினால் வெறும் பெட்டிகள்தான் வருகின்றன. என்ன செய்யலாம்?

தெஹிவளை_நிரல்:
கணக்குப் போட்டுப் பாருங்கோ. 8 சென்சர், செக்கனுக்கு 5 வாசிப்பு: செக்கனுக்கு 40 முழு வரைவு. ஒரு டிரா() 50 மில்லிசெக்கன் எடுத்தாலே 1 செக்கனில் 2 செக்கன் வேலை சேருது. திரெட் அனுப்பும் சிக்னல்கள் பிரதான திரெட்டின் வரிசையில் குவியும். மெமரி ஏறுவதும் பட்டன் அசையாததும் அதனால்தான். உங்கள் இயந்திரத்தில் எவ்வளவு எடுக்குது என்பதை டைம்.பெர்ஃப்_கவுண்டர்() வைத்து அளந்து பாருங்கோ.

தரவு வருவதையும் படம் வரைவதையும் பிரித்துவிடுங்கோ. சிக்னலைப் பிடிக்கும் மெதட், டெக்கில் (deque என்ற பைத்தன் வரிசை) ஒரு எண்ணைச் சேர்ப்பதோடு நிற்கட்டும். அதன் எல்லையான மேக்ஸ்லென்னை 3000 என்று வையுங்கோ, 10 நிமிடத்துக்குப் போதும். எல்லை வைக்காவிட்டால் ஒரு நாளில் சென்சருக்கு 4,32,000 புள்ளி. வரைவதற்குத் தனியாக ஒரு க்யூடைமர், 200 மில்லிசெக்கன்.

கோடுகளைத் தொடக்கத்திலேயே ஒருதரம் உருவாக்குங்கோ: கோடு, = ஆக்ஸ்.பிளாட்([], []). அந்தக் கமாவை விட்டுவிடாதீங்கோ. பிளாட்() தருவது லிஸ்ட். பிறகு டைமரில் கோடு.செட்_டேட்டா(), ஆக்ஸ்.ரீலிம்(), ஆக்ஸ்.ஆட்டோஸ்கேல்_வியூ(), கேன்வாஸ்.டிரா_ஐடில்(). ரீலிம்() விடுபட்டால் கோடு சட்டத்துக்கு வெளியே ஓடிவிடும், படம் வெறுமையாகத் தெரியும். டிரா() அந்த இடத்திலேயே வரைந்து முடிக்கும். டிரா_ஐடில்() ஈவண்ட் லூப்புக்கு (பட்டன் அழுத்தல் போன்றவற்றைக் கவனிக்கும் சுழற்சி) ஓய்வு வரும்வரை பொறுத்து, அடுத்தடுத்து வந்த கோரிக்கைகளை ஒன்றாக்கி வரையும்.

கொள்ளுப்பிட்டி_07:
மேலே சொன்னது சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன். படத்தை பிஎல்டி.சப்பிளாட்ஸ்() வழியாக உருவாக்கியிருந்தால் மாற்றுங்கள். பிஎல்டி என்று சுருக்கி எழுதும் பைபிளாட் அதைத் தன் பட்டியலில் பிடித்து வைத்திருக்கும், ஜன்னலை மூடினாலும் விடாது. ஃபிகர்() வகுப்பை நேரடியாக எடுத்து ஃபிகர்கேன்வாஸுக்குக் கொடுங்கள். ஜன்னல் மூடும்போது ஓடும் க்ளோஸ்ஈவண்டில் முதலில் டைமரை நிறுத்தி, திரெட்டையும் நிற்கச் சொல்லி, பிறகு அது முடியும்வரை வெய்ட்() போடுங்கள்.

இன்னும் வேகம் வேண்டுமென்றால் பிளிட்: மாறாத பின்னணியை எடுத்து வைத்து, கோடுகளை மட்டும் மேலே வரையும் முறை. கோடுகளுக்கு அனிமேட்டட்=ட்ரூ; கேன்வாஸ்.காப்பி_ஃப்ரம்_பிபாக்ஸ்(ஃபிகர்.பிபாக்ஸ்) எடுத்து வைத்து, ஒவ்வொரு தரமும் ரிஸ்டோர்_ரீஜன்(), டிரா_ஆர்டிஸ்ட்(), பிளிட்(). ஜன்னலின் அளவு மாறினால் பழைய பின்னணி செல்லாது, கோடு இடம் தவறி நிற்கும். பின்னணி எடுப்பதை ‘டிரா_ஈவண்ட்’டில் இணைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. அச்சு எண்களும் பின்னணியில்தான் இருக்கின்றன, ஆகவே பிளிட்டோடு ஆட்டோஸ்கேல் ஒத்துப்போகாது. குளிர்களஞ்சியம்தானே, -30 முதல் 10 வரை என்று செட்_ஒய்லிம்() போட்டுவிடலாம். ஆனால் 8 கோட்டுக்கு, 200 மில்லிசெக்கன் இடைவெளியில், பெரும்பாலும் டிரா_ஐடில்() போதும். அளந்து பார்க்காமல் பிளிட்டில் இறங்க வேண்டாம்.

தெஹிவளை_நிரல்:
பெட்டிகள் பற்றி: மேட்பிளாட்லிப்போடு வரும் டேஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டால் எழுத்து தெரியும், ஆனால் எழுத்துகளைக் கோத்து வடிவமைக்காத பதிப்புகளில் ‘வெ’ என்பதன் கொம்பு வகரத்துக்குப் பின்னாலும், ‘லை’யின் கொம்பு லகரத்துக்குப் பின்னாலும் போய் உட்காரும். தலைப்பையும் அச்சுப் பெயரையும் க்யூலேபிளில் எழுதி, கேன்வாஸுக்கு மேலேயும் பக்கத்திலேயும் லேயவுட்டில் வையுங்கோ; பைசைட்6இன் அடித்தளமான க்யூட்டி தமிழை ஒழுங்காகக் காட்டும். படத்துக்குள் எண்கள் மட்டும் இருக்கட்டும்.