மெக்கானிக்கல் முதலாமாண்டு, 70,000 ரூபாய்க்குள் லேப்டாப்: கடையில் காட்டிய மூன்றில் எது?

உசிலம்பட்டி_அண்ணன்:
தங்கச்சி மதுரையில மெக்கானிக்கல் சேர்ந்திருக்கா, ஹாஸ்டல்தான். டவுன்ஹால் ரோட்டுக் கடையில மூணு காட்டினாங்க.
ஒண்ணு: 14 இன்ச், ரைசன் 5 7520யு, 16 ஜிபி ரேம், 46,000.
ரெண்டு: 15.6 இன்ச், ஐ5 1334யு, 16 ஜிபி, 57,000.
மூணு: 15.6 இன்ச், ஐ5 13420எச், 8 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 66,000.
எல்லாத்துலயும் 512 ஜிபி எஸ்எஸ்டி. "எல்லாமே அஞ்சுதான், ரேமும் 16 இருக்கு, முதலாவதையே எடுங்க"ன்னு கடைக்காரர் சொல்றார். பாடத்துல சாலிட்வொர்க்ஸ் (பார்ட் வரையிற சாஃப்ட்வேர்), அன்சிஸ் (அந்தப் பார்ட் பாரம் தாங்குமான்னு கணக்குப் போடுற சாஃப்ட்வேர்) ரெண்டும் வரும்னு சீனியர் பிள்ளைங்க சொன்னாங்க. நாலு வருஷம் தாங்கணும்.

திருமங்கலம்_கேட்:
முதலாவதை விட்டுருங்க தம்பி. 7520யுங்கிற பிராசசர் பேர்ல முதல் எண் 7, அது வெளியீட்டு வரிசை மட்டும். உள்ளே இருக்கிற கோர், அதாவது கணக்குப் போடுற பகுதி, எந்தக் காலத்துதுன்னு சொல்றது மூணாவது எண். இங்க அது 2, அதாவது ஜென் 2. 2019-ல வந்த வடிவமைப்பு, கோர் நாலே நாலு. 7535எச்எஸ்னா மூணாவது எண் 3, கோர் ஆறு. ரெண்டுக்கும் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் ஒரே ரைசன் 5தான். அதனால ஸ்டிக்கரைப் பார்க்காதீங்க, முழு எண்ணையும் கேளுங்க. இன்னொண்ணு, 7520யு எல்பிடிடிஆர்5 ரேமை மட்டுந்தான் ஏத்துக்கும். அது போர்டுலயே சால்டர் ஆகி வரும், பின்னால கூட்ட வழியில்ல.

அடுத்து எண்ணுக்குப் பின்னால வர்ற யு, எச் எழுத்து. 1334யு-வுக்கு 10 கோர், 13420எச்-க்கு 8 கோர்னு போட்டிருக்கும். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீங்க. அந்தப் பத்துல பெரிய கோர் 2, மீதி எட்டும் சின்னது. எச்-ல பெரிய கோர் 4. அதோட யு 15 வாட்டுக்கும் எச் 45 வாட்டுக்கும் அமைச்சது. சாலிட்வொர்க்ஸ்ல ஒரு பார்ட் வரையறது பெரும்பாலும் ஒரே கோர்ல நடக்கிற வேலை, யு-வே தாராளம். அன்சிஸ்ல சால்வ் கொடுத்துட்டு அரை மணி நேரம் உட்காரும்போதுதான் வித்தியாசம் தெரியும். யு முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் பறந்துட்டு வேகத்தைக் குறைச்சுக்கும், எச் நிதானமா இழுக்கும்.

ரேம் பத்தலைன்னா அன்சிஸ் சால்வர் இடைக்கணக்கை டிஸ்க்குல எழுதி எழுதிப் படிக்கும். பத்து நிமிஷ வேலை ஒரு மணி நேரத்தைத் தின்னுரும். இலவச மாணவர் பதிப்புல ஸ்ட்ரக்சுரல் மாடலுக்கு 1,28,000 நோட் (மாடலைப் பிரிச்சுக் கணக்குப் போடுற புள்ளி) வரைதான் அனுமதி, அதுக்கு 16 ஜிபி போதும். 8 கட்டவே கட்டாது.

ஆக மூணாவதுதான் என் ஓட்டு, ரேம் கூட்ட இடம் இருந்தா மட்டும். டிஸ்ப்ளேக்கு வச்சிருக்கிற மெஷின்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ்ல மெமரியைத் தொடுங்க. ஃபார்ம் ஃபேக்டர்னு ஒரு வரி இருக்கும். எஸ்ஓடிஐஎம்எம்னு இருந்தா கழட்டி மாட்டுற ரேம், 'ரோ ஆஃப் சிப்ஸ்'னு இருந்தா சால்டர். ஸ்லாட்ஸ் யூஸ்டுங்கிற வரியை மட்டும் நம்பாதீங்க, சால்டர் ரேமுக்கும் அதுல 4-க்கு 4-னு காட்டும்.

சர்வீஸ்_பெஞ்ச்:
திருமங்கலம் அண்ணன் சொன்னது சரி. கிராபிக்ஸ் கார்டுக்காக இதுக்கு மேல செலவு பண்ண வேண்டாம். சாலிட்வொர்க்ஸ்ல பார்ட்டை நிஜப் பொருள் மாதிரி காட்டுற ரியல்வியூ வசதி இந்த ஜீஃபோர்ஸ் கார்டுகள்ல வராது, 3050 போட்டாலும் 4060 போட்டாலும் அதே கதைதான். மீதிக் காசுல ரேம் போடுங்க. வாங்குறப்போ டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆன்னு மெஷின்ல பார்த்து வாங்குங்க. வெட்டு இருக்கிற இடமே வேற, ஒண்ணு மத்ததுல இறங்காது.

மேலூர்_மாமா:
குறுக்கே கேக்குறேன், என் மருமகனும் மெக்கானிக்கல்தான். மேக்புக் ஏர் வேணும்னு நிக்கிறான்.

திருமங்கலம்_கேட்:
வேண்டாங்க. சாலிட்வொர்க்ஸ், அன்சிஸ், கேட்டியா மூணுக்கும் மேக் பதிப்பே கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன்னா தாராளமா வாங்கிக் கொடுக்கலாம்.

உசிலம்பட்டி_அண்ணன்:
எஸ்ஓடிஐஎம்எம், 2-க்கு 1-னு காட்டுச்சு. மூணாவதையே எடுத்தாச்சு. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்5 வாங்கி நானே மாட்டினேன். இப்ப பவர் லைட் எரியுது, ஃபேன் சுத்துது, திரை கறுப்பு. ரெண்டு தடவை அமுக்கி அணைச்சுட்டேன். போர்டு போயிருச்சா?

சர்வீஸ்_பெஞ்ச்:
பதறாதீங்க, போர்டு போகலை. டிடிஆர்5-ல ரேமை மாத்தினா முதல் தடவை போர்டு அந்த ரேமோட பேசிப் பழகிக்கும், மெமரி டிரெயினிங்னு பேர். சில நிமிஷம் திரை கறுப்பாத்தான் இருக்கும். நடுவுல அணைச்சா மறுபடி முதல்ல இருந்து. சார்ஜரைச் சொருகி ஆன் பண்ணிட்டு பத்து நிமிஷம் தொடாம விடுங்க.

அப்பவும் வரலைன்னா அணைச்சு, சார்ஜரை எடுத்து, பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க. ரேமைச் சாய்வா உள்ளே தள்ளுங்க. தங்கக் கோடு ஏறக்குறைய முழுசா மறையணும், அதுக்கப்புறம் கீழே அமுக்கினா ரெண்டு பக்கக் கிளிப்பும் டக்குன்னு விழும். ஒரு பக்கம் மட்டும் விழுந்திருக்கிறதுதான் வழக்கமான தப்பு.

உசிலம்பட்டி_அண்ணன்:
நாலு நிமிஷத்துல வந்துருச்சுண்ணே! 16 காட்டுது. ஒரு சந்தேகம் மட்டும், எங்க வீட்டுல சார்ஜ் போட்டுக்கிட்டே தொட்டா மூடி ஓரத்துல சுருக்கு சுருக்குன்னு லேசா இருக்கு. கடையில அப்படி இல்லை.

சர்வீஸ்_பெஞ்ச்:
வீட்டு பிளக் பாயின்ட்ல எர்த் இல்லை, இல்லைன்னா மூணு பின்னை ரெண்டு பின்னா மாத்துற கன்வெர்ட்டர் போட்டிருக்கீங்க. அடாப்டருக்குள்ள இரைச்சலை வடிகட்டுற கபாசிட்டர் வழியா வர்ற சின்னக் கசிவு எர்த்துல இறங்க வழியில்லாம மெட்டல் மூடிக்கு வருது. லேப்டாப்ல குறை இல்லை. கன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்க. ஹாஸ்டல் ரூம்லயும் முதல் நாளே பிளக் பாயின்டைப் பார்த்துக்கச் சொல்லுங்க. அப்புறம், மெத்தை மேல வச்சு அன்சிஸ் ஓட்ட வேண்டாம், அடியில காத்து போற ஓட்டை அடைஞ்சு எச்-உம் யு மாதிரி ஆயிரும்.